புல்வெட்டிக்கு வைத்த பொட்டு

1

பெல்ட் அறுந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு ட்ராக்டரில் ஏறி இருந்தேன். ட்ராக்டர் என்றதும் வயல் உழுகிற சாமானை நினைத்துவிடாதேயுங்கள். இது ஏறி இருந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டுகிற சின்ன வண்டி. சிவப்பு நிறம். டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரத்துக்கு வெளியே இந்தப் பழைய வீட்டை வாங்கிய வருஷம், வீட்டைவிட அதைச் சுற்றிய வளவு பத்து மடங்கு பெரிது என்று கண்டு பயந்துபோய் வாங்கியது.

அப்பிள் மரத்தைச் சுற்றித் திருப்பும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, அடியில் பிளேடு சுற்றுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே அந்தத் துண்டு நிலத்தை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், எஞ்சினில் இருந்து சில்லுக்கு விசையைக் கொண்டுபோகிற ரப்பர் பெல்ட் அறுந்து தொங்குகிறது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். ஆனால் புல் முழங்கால் வரைக்கும் நின்றது. வைகாசி மாதம் வெட்டாமல் விட்டால் தேனீக்களுக்கு நல்லது என்று எங்கேயோ வாசித்துவிட்டு, பெரிய தர்மவான் கணக்கில் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை மழை. அடுத்த சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு லொறி வருகிறது.

2

லொறிக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால் ஒரு வெள்ளைத் தொப்பி போடுவார்கள். கறுப்பு விளிம்பும் சிவப்புப் பட்டியும் வைத்த தொப்பி. ஆனி மாதக் கடைசியில் வகுப்பு முழுவதும் ஒரு திறந்த லொறியில் ஏறும். லொறிக்கு இலை குழை கட்டி, பதாகை தொங்கவிட்டு, கோர்ன் அடித்து, கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போவார்கள். ஒரு வீட்டில் இருபது நிமிஷம். தாய் தகப்பன் வளவில் வைத்துச் சாப்பாடும் குடிப்பும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் புல்லில் ஆடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். தொப்பி போடாதவர்கள் கூட வீதியில் கார் நிறுத்திக் கையசைப்பார்கள். எங்கள் ஊர்த் தேர் வீதி சுற்றுகிற மாதிரித்தான், சாமிக்குப் பதிலாக இருபத்தாறு பேர் மேலே நிற்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் என் மகன் கபிலன் தொப்பி போட்டான். அப்போது நான் வேண்டாம் என்று சொன்னேன். “குடிச்சுப்போட்டுக் கூத்தடிக்கிறதுகளை என்ர வளவுக்குள்ள விடேலாது. எங்கட சனம் பாத்தால் என்ன சொல்லும்?” என்றேன். ‘பரவாயில்லை’ என்றான். பட்டியலில் இருந்து எங்கள் வீட்டை எடுத்துவிட்டான்.

ஆனால் லொறி எங்கள் வீதியால்தான் போனது. வேறு வழி இல்லை. வீட்டுக்கு முன்னால் வந்ததும் சாரதி விஷயம் தெரியாமல் வேகத்தைக் குறைத்துக் கோர்ன் அடித்தான். மேலே இருந்து யாரோ ‘இங்கே இல்லை, போ’ என்று சொல்லியிருக்க வேண்டும். லொறி திரும்ப வேகமெடுத்துப் போனது. கபிலன் வீட்டைப் பார்த்துக் கையசைத்தான். நான் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றேன். என் கையைக் கூட நான் தூக்கவில்லை. மடையன் நான். ஆறு வருஷமாக அந்த நிமிஷம் எனக்குள் கிடந்து அரிக்கிறது.

இந்த வருஷம் மகள் ஆரணியின் முறை. அவள் என்னிடம் கேட்கவே இல்லை. தமையனுக்கு நடந்ததைப் பார்த்த பிள்ளை அல்லவா? நானே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

“பிள்ளை, லொறி எங்கட வீட்டுக்கு எத்தினை மணிக்கு வரும்?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பா, உண்மையாகத்தான் கேட்கிறீர்களா?” என்றாள். டேனிஷில்தான். ஆரணி எங்களோடு கதைப்பதில் ‘அப்பா’, ‘அம்மா’ இரண்டும்தான் தமிழ், மிச்சம் எல்லாம் டேனிஷ். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், வீடு அப்படியே ஓடும்.

“உண்மையாத்தான். பியரும் நானே வாங்கி வைக்கிறன்” என்றேன். என் மனைவி வசந்தி சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

3

பெல்ட் விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இருபத்தேழு வருஷமாகத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் நிற்கிறேன். அங்கே ஓடுகிற மெஷின்களில் பெல்ட் தேய்ந்தால், அறுந்தால், வழுக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டென்மார்க்கில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். பெல்டுக்கு நான் இன்னொருத்தனிடம் போய் நிற்பதா?

அறுந்த பெல்டை நிலத்தில் நீட்டி, வசந்தியின் தையல் நாடாவால் அளந்தேன். தொழிற்சாலைப் பழக்கத்தில் உள்பக்க அளவை எடுத்தேன். வெள்ளிக்கிழமை, தோட்டச் சாமான் கடைக்குப் போன் பண்ணி, இத்தனை மில்லிமீற்றர், இத்தனை அகலம் என்று சொன்னேன். கடைக்காரர் ட்ராக்டரின் நம்பரைக் கேட்டார்.

“நம்பர் தேவையில்லை, எனக்கு பெல்ட் தெரியும்” என்றேன்.

திங்கட்கிழமை பெல்ட் வந்தது. வேலை உடுப்போடேயே புல்லில் மல்லாந்து படுத்து மாட்டப் பார்த்தேன். மாட்டுப்படவில்லை. இழுத்தேன், நெம்பினேன், தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் இரண்டு மொழியிலும் சொன்னேன். ஐந்து சென்ரிமீற்றர் கட்டை. பிறகுதான் விளங்கியது. எங்கள் தொழிற்சாலையில் பெல்டின் அளவை உள்பக்கத்தால் எழுதுவார்கள், புல்வெட்டிக்காரர்கள் வெளிப்பக்கத்தால் எழுதுவார்கள். இருபத்தேழு வருஷ அனுபவம் எனக்குச் செய்த உபகாரம் அது.

வசந்தி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டில கேட்டுப் பாக்கலாமே?”

பக்கத்து வீடுகளில் என்ன இருக்கிறது? எல்லோரும் இப்போது ரோபோ வைத்திருக்கிறார்கள். ஆமை அளவில் ஒரு சாமான், பகல் முழுவதும் தன்பாட்டில் புல்லை நக்கிக்கொண்டு திரியும். எங்கள் முழங்கால் புல்லுக்குள் அதை விட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது. தள்ளுகிற மெஷினால் ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டிப் பார்த்ததில் ஒரு பாய் விரிக்க இடம் வந்தது. என் முதுகும் போனது.

4

செவ்வாய்க்கிழமை வரை காத்திராமல் அன்றைக்கே கடைக்குப் போனேன். தாடி வைத்த, சாந்தமான மனிதர். நான் திமிராய்க் கதைத்ததை அவர் ஞாபகம் வைத்திருந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“உங்களிடம் இருக்கிற ட்ராக்டர் ஒரே பெயரில் மூன்று விதமாக வந்தது. மூன்றுக்கும் மூன்று பெல்ட். கப்பி வேறு, நீளத்தில் சின்ன வித்தியாசம்; பழைய பெல்ட் இழுபட்டிருக்கும், அளந்து சொல்ல முடியாது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். சீட்டைத் தூக்குங்கள், வெள்ளை லேபிள் இருக்கும்” என்றார்.

இந்த நாட்டில் நம்பர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது எனக்கு வந்த முதல் கிழமையே தெரியும். அரசாங்கம் ஆளுக்கு ஆள் கொடுக்கிற நம்பர் கிடைக்கும் வரைக்கும் நானே இங்கே ஒரு ஆள் இல்லை. வைத்தியரிடம் போக முடியாது, நூலகத்தில் புத்தகம் எடுக்க முடியாது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து என் ட்ராக்டருக்கும் அதே நிலைமை.

வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கினேன். லேபிள் இருந்தது. முதல் ஏழு இலக்கங்கள் இருந்தன. கடைசி இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் மங்கலாகச் சிவப்பு.

என்ன நடந்தது என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு புல்லுக்குள் இருந்துவிட்டேன்.

ஊரில் ஆயுத பூசைக்குச் சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்களுக்கு இது விளங்கும். நாங்களும் ஒவ்வொரு வருஷமும் வைப்போம். காருக்கு, வசந்தியின் தையல் மெஷினுக்கு, பிள்ளைகளின் கொம்பியூட்டருக்கு, ட்ராக்டருக்கு. ட்ராக்டர் சிவப்பு. சிவப்பில் குங்குமம் எடுபடாது. ஆகவே சீட்டைத் தூக்கி, வெள்ளையாக இருந்த அந்த ஒரே இடத்தில் வைத்தோம். பன்னிரண்டு வருஷம், ஒரே இடத்தில், ஒரே விரலால். அடுத்த நாள் ஈரத்துணியால் துடைப்போம். பன்னிரண்டு துடைப்பில் இரண்டு இலக்கமும் போய்விட்டன.

லேபிளைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அந்த மஞ்சள் என்ன? எண்ணெய் ஒழுக்கா?”

“இல்லை. அது... வருஷத்தில் ஒரு நாள் எங்களுக்கு உழைக்கிற சாமான்களுக்கு நன்றி சொல்வோம். அப்போது வைக்கிற பூச்சு.”

 “நான் என் ட்ராக்டரை உதைக்கத்தான் செய்திருக்கிறேன்” என்றார். சிரித்தார். ஆனால் நம்பர் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. மூன்றில் ஒன்றை ஊகித்து வரவழைத்து அது பிழையாகிப் போனால், சனிக்கிழமைக்கு முன் இன்னொன்று வராது என்றும் சொல்லிவிட்டார்.

5

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

“நீர் ஏன் அப்பிடித் தேய்ச்சுத் துடைச்சனீர்?” என்று நான் தொடங்கினேன்.

“நீங்கள் ஏன் நம்பருக்கு மேல வைச்சனீங்கள்? உங்களுக்கென்ன விசரே? அவ்வளவு பெரிய வண்டியில வேற இடம் கிடைக்கேல்லையே?”

“சிவப்பில சிவப்பு தெரியுமே?”

“அப்ப வெறும் சந்தனத்தை வைச்சிருக்கலாமே!”

 பன்னிரண்டு வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆரணி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அவளுக்குக் கடைசி வாய்மொழிப் பரீட்சை. அவள் படிக்கிற நேரத்தில் நாங்கள் பெல்டுக்குச் சண்டை பிடிக்கிறோம். கீழே இறங்கி வந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

“அப்பா, பரவாயில்லை. பட்டியல் நாளைக்கு மத்தியானம்தான் சாரதிக்குப் போகும். எங்கள் வீட்டை எடுத்துவிடச் சொல்கிறேன். நான் கோபிக்க மாட்டேன்.”

அவள் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ‘பரவாயில்லை’ என்று தமையன் சொன்ன அதே முகத்தோடு சொன்னாள். 

“கொஞ்சம் பொறு பிள்ளை” என்று மட்டும் சொன்னேன்.

6

செவ்வாய்க்கிழமை வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பதினொன்றரை ஆனது. மத்தியானம் பட்டியல் போய்விடும். சாப்பாட்டு அறையில், வீட்டில் இருந்து கொண்டுவந்த பாணைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். போன் அதிர்ந்தது. ஆரணி. பரீட்சை முடிந்திருக்கும், புள்ளி சொல்கிறாள் என்று திறந்தேன்.

ஒரு படம் வந்திருந்தது.

எங்கள் வளவு. ட்ராக்டர் வாங்கிய வருஷம், புத்தம் புதுசு, சீட் தூக்கியபடி. பக்கத்தில் ஏழு வயது ஆரணி, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறாள். இடது கையில் சந்தனக் கிண்ணம். வலது கை விரல் சந்தனத்தில் தோய்ந்து, லேபிளுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. ட்ராக்டருக்கு முதற்பொட்டு வைத்தது அவள்தான் என்பதை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். நாலாம் வகுப்போடு அவள் பூசைக்கு வந்து நிற்பதை விட்டுவிட்டாள். தாய் நெற்றியில் வைத்துவிட்டால் பள்ளிக்கூட வாசலில் துடைத்துவிட்டுப் போவாள். நாங்களும் பிறகு வற்புறுத்தவில்லை.

படத்தில் பொட்டு இன்னும் விழவில்லை. லேபிள் பளிச்சென்று இருக்கிறது. அவள் அதைப் பெரிதாக்கி, கடைசி இரண்டு இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். பூச்சியம், மூன்று.

உடனே போன் பண்ணினேன். “பிள்ளை! இது எங்கையிருந்து எடுத்தனி?”

வகுப்பு நினைவுப் புத்தகத்துக்கு எல்லோரும் சின்ன வயதுப் படம் ஒன்று கொடுக்க வேண்டுமாம். தான் இதைத்தான் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்ததாகச் சொன்னாள். பரீட்சை அறைக்கு வெளியே காத்திருக்கும்போது திடீரென ஞாபகம் வந்ததாம். நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன எங்களிடம். கடற்கரையில், பிறந்தநாளில், பனியில். அவள் வகுப்புக்குக் கொடுக்க எடுத்தது இதை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே இருந்த டேனிஷ்காரன், “வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டான்.

“இல்லை இல்லை, பெல்ட் கிடைத்துவிட்டது” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“அப்ப பட்டியல்?” என்று போனில் கேட்டேன்.

“நான் எடுக்கச் சொல்லவே இல்லை, அப்பா” என்றாள். பரீட்சைப் புள்ளியைக் கேட்க மறந்து போனை வைத்துவிட்டேன். பிறகு திரும்ப எடுத்துக் கேட்டேன். ஆகக் கூடிய புள்ளி!

7

வியாழக்கிழமை பெல்ட் வந்தது. வசந்தி மிதியை அழுத்திப் பிடிக்க, நான் கீழே படுத்துக் கப்பிகளில் ஒவ்வொன்றாகக் கொழுவினேன். நாள் முழுக்க முதியோர் இல்லத்தில் நின்று உழைத்துவிட்டு வந்தவள், முறைப்பாடு சொல்லாமல் அழுத்திப் பிடித்தாள். கடைசிக் கப்பியில் பெல்ட் ‘டக்’ என்று போய் இருந்தது. திறப்பைத் திருகி, மிதியை விட்டேன். வண்டி நகர்ந்தது! “ஓடுது, ஓடுது!” என்று வசந்தி பின்னால் கைதட்டிக்கொண்டு வந்தாள். புல் உயரம் என்பதால் முதலில் மேலால் ஒரு தடவை, பிறகு அடியால் ஒரு தடவை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வளவு பச்சைக் கம்பளமாய்க் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் கபிலன் தான் இருக்கிற டோஸ்ட்ருப்பில் இருந்து ரயிலில் வந்து இறங்கினான். கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றினான். வசந்தி ரோல்ஸ், கட்லட், உழுந்து வடை என்று கல்யாண வீட்டுக்குச் சுட்ட மாதிரிச் சுட்டிருந்தாள். பியர்ப் பெட்டிகளை நானே தூக்கி வைத்தேன்.

இரண்டரை மணிக்குத் தூரத்தில் கோர்ன் கேட்டது. வீதி வளைவில் லொறி தெரிந்தது. இலைகுழை, பதாகை, வெள்ளைத் தொப்பிகள், காது கிழிகிற பாட்டு. நான் வாசலில் நின்றேன். இந்த முறை இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், தோள்மூட்டு கழன்றுவிடும் போல. லொறி வேகத்தைக் குறைத்தது.  போய்விடுமோ?

பக்கத்தில் நின்ற கபிலன் என் தோளில் கை போட்டான்.

“நிக்குது அப்பா” என்றான்.

நின்றது. இருபத்தாறு பேரும் குதித்து இறங்கி வளவுக்குள் ஓடி வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் ஆடினார்கள். ரோல்ஸ் இருந்த தட்டு கண்மூடித் திறக்க முன் வெறுமையானது. ஒருத்தன் உறைப்புத் தாங்காமல் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினான், குடித்துவிட்டுத் திரும்ப வடைக்கு வந்தான்.

நான் ட்ராக்டருக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். புது பெல்ட் போட்டதற்குப் பொட்டு வைக்கச் சொல்லி வசந்தி காலையில் குழைத்துத் தந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டைத் தூக்குவதும் விடுவதுமாக நின்றேன். ஆரணி கூட்டத்தை விட்டு என்னிடம் ஓடி வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

“அப்பா, லேபிளில வைக்காதேங்கோ!”

முழு வசனமும் தமிழ். 

“அப்ப எங்கை பிள்ளை வைக்கிறது?”

அவள் தொப்பியின் விளிம்பைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினாள்.

 கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தேன். அவள் துடைக்கவில்லை. பின்னால் நின்ற நெட்டையான பொடியன் ஒருவன் இது என்ன என்று கேட்டான். “நமக்காக நன்றாக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வது” என்று ஆரணி டேனிஷில் சொன்னாள். “நானும் உழைத்தேனே” என்று அவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பார்த்தால் ட்ராக்டரில் இருந்து அப்பிள் மரம் வரைக்கும் வரிசை. கடைசியில் லொறிச் சாரதியும் வந்து நின்றார். கபிலனும் வந்து நின்றான். அவனுக்கு வைக்கும்போது நான் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன்.

இருபது நிமிஷம் நாற்பது நிமிஷமானது. லொறி கோர்ன் அடித்துக்கொண்டு புறப்பட்டது. மேலே வெள்ளைத் தொப்பிகளுக்குக் கீழே வரிசையாக மஞ்சள் பொட்டுகள். லொறி வளைவில் மறையும் வரை ஆரணி கையசைத்தாள்.

வசந்தி வந்து என் கையில் இருந்த கிண்ணத்தை வாங்கி எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, ட்ராக்டருக்கு வைச்சிட்டியளோ?”

நானும் எட்டிப் பார்த்தேன். ட்ராக்டருக்கு வைக்க ஒரு பொட்டுச் சந்தனம் கூட மிச்சம் இல்லை.